அணையக் கூடாத அடுப்பு

பதினோரு நாள் வருகை குறைகிறது என்று பெரிய டீச்சர் சொன்னதையும், "எம் பொண்ணைப் பரீட்சைக்குக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு டீச்சர்" என்று தையல்காரி நின்ற இடத்திலேயே வாக்குக் கொடுத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

தையல்காரியின் புருஷன் கிணறு வெட்டுகிறவர். அந்தத் தொழில்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஆள் கிணற்றுக்குள் இறங்குகிற நாளில், அவர் பத்திரமாக மேலே ஏறி வரும்வரை, அவர் வீட்டு விறகடுப்பு அணையக் கூடாது. அதைக் காக்க வேண்டியவள் அந்த வீட்டில் பிறந்த, கல்யாணமாகாத பெண். வாக்கப்பட்டு வந்தவள் கை ஆகாது. ஆண்பிள்ளை கை ஆகாது. கேஸ் அடுப்பும் செல்லாது. அது கிணறு வெட்டும் கூட்டத்தை நடத்துகிற மேஸ்திரியின் தீர்ப்பு. கேஸ் கண்டுபிடித்தவர் மேஸ்திரியைக் கேட்டுக்கொள்ளாமல் கண்டுபிடித்துவிட்டார், பாவம்.

ஆகவே அந்தத் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் ஆறிலும் ஏழிலும் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குத் திரும்பியவர்கள். பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் பெண் தையல்காரியின் மகள்தான். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குறைந்த நாட்களுக்குப் பெரிய டீச்சர் மேலிடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு அப்படி எழுதிக் கேட்க முடியாது. வெளியூரிலிருந்து ஒருவர் வருவார், ஒரே ஒரு நாள் பார்ப்பார், போய்விடுவார். அன்று வராதவளுக்கு அந்த வருஷமே போய்விடும்.

அந்த நாள் இன்று. காலை பத்து மணிக்கு.

"அன்னிக்கு மட்டும் நான் எறங்க மாட்டேன்டா" என்று கிணறுவெட்டி மகளிடம் சொல்லியிருந்தார். சொன்னது உண்மையான மனசோடுதான். ஆனால் காலை ஏழரை மணிக்கு மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"ஊத்து தொறந்துடுச்சுப்பா. நேத்து நீ ஏறினப்புறம் பாத்தா கணுக்கால் தண்ணி. இன்னிக்கு உறை எறங்கியாகணும்."

"இன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தேனே மேஸ்திரி. பொண்ணுக்குப் பரீட்சை."

"மண்ணுக்குத் தெரியுமா பரீட்சையெல்லாம்? வெளிப்பக்கம் கரைய ஆரம்பிச்சா பதினஞ்சு நாள் உழைப்பும் போச்சு. உன்னை மாதிரி சமமா சுரண்ட வேற எவன் இருக்கான், சொல்லு."

கடைசியாகச் சொன்னதில் பொய்யில்லை. கிணற்றுக்குள் அடுக்கியிருக்கும் சிமெண்ட் உறைகளுக்கு அடியில் சுற்றிலும் ஒரே அளவாக மண்ணைச் சுரண்டி எடுத்தால், உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். ஒரு பக்கம் ஒரு பிடி அதிகமாகிவிட்டால் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். அடியில் இருக்கிற ஆளின் கதி என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்கு நடுங்காத கை வேண்டும். கிணறுவெட்டிக்கு இருந்தது அந்தக் கை.

அவர் உள்ளே வந்தார். மகள் சீருடை போட்டு, ஒரு பக்கம் பின்னி, மறுபக்கம் பின்னலுக்காக அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த வருஷம் எழுதிக்கலாம்டா. பரீட்சை எங்க ஓடிடப் போகுது?" என்றார். மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரிடம் சொன்னார்.

வாயாடி வாயைத் திறக்கவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. எழுந்து போய் அடுப்பில் சுள்ளி அடுக்கி, பற்றவைத்துவிட்டு, பாதிப் பின்னலோடு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மேஸ்திரியோடு போய்விட்டார்.

 தையல்காரி சீப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே நீ?" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. கிணறுவெட்டியின் அக்கா.

"தலை பின்றேன் அண்ணி."

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"பரீட்சைக்கு."

அக்கா உள்ளே வந்தாள். இந்த வீட்டில் அவள் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. ஆனால் அவள் அடுப்புக் கட்டையைத் தொட்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. பதினைந்து வயதில் தன் அப்பாவுக்காக அடுப்புக் காத்தவள் அவள். அன்றைக்குத்தான் அவர் மண்ணுக்குள் போனார். ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது அடுப்பு அணைந்து கிடந்ததாம். தீ அணைந்த கை என்று ஊர் பேர் வைத்தது. அந்தக் கையை யாரும் பெண் கேட்டு வரவில்லை. அப்போது ஒன்பது வயசாக இருந்த தம்பியை வளர்த்து, அவன் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"அவன் எறங்கப் போறான். நீ இவள அனுப்புறே. தீயை யாரு பாப்பா?"

"தெரியல அண்ணி. ஆனா இவ போறா."

"என் கதை தெரிஞ்சுமா சொல்றே?"

அப்போது வாயாடி திரும்பினாள். "அத்தை, ஒண்ணு சொல்லவா? திட்டக் கூடாது. அடுப்பு ஏற்கெனவே மூணு தடவ அணைஞ்சிருக்கு."

அக்கா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"படிச்சுக்கிட்டே இருந்துட்டேன், பாக்கல. பாத்தா சாம்பல்தான் இருந்துச்சு. தீக்குச்சி கிழிச்சுப் பத்தவச்சுட்டேன். மூணு நாளும் அப்பா சாயங்காலம் வந்து டீ கேட்டாரு."

"ஒரு தடவ பத்தவச்சது நான்" என்றாள் தையல்காரி. "இவ அழுதுக்கிட்டிருந்தா."

அக்கா மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அடிக்க வருவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அவள் முகம் புரியவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எதையோ கணக்குப் போட்டுப் பார்க்கிற முகம்.

"அவங்கிட்ட சொல்லிடாதே" என்றாள் கடைசியில். "சொன்னா அவன் கை நடுங்கும். உள்ள இருக்கறப்ப நடுங்கக் கூடாது."

இதுதான் தையல்காரியின் நெஞ்சில் தைத்தது. இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கும் இதே காரணம்தான். ஐம்பது அடி ஆழத்தில், தலைக்கு மேலே தட்டு அளவு வானத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற மனுஷனுக்கு ஏதாவது ஒரு நம்பிக்கை வேண்டாமா? வீட்டில் தீ எரிகிறது, மகள் பக்கத்தில் இருக்கிறாள். அதைப் பிடுங்கிவிட்டு அவருக்கு எதைக் கொடுப்பது?

ஆனால் மகள் சீருடையோடு தெருவில் நடந்து போனால் பத்து வீடு பார்க்கும். பால்காரர் பார்ப்பார். இந்த மாதிரிச் சேதி கிணற்றடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? யார் வாயில் எப்படித் திரிந்து போய்ச் சேரும்?

"நீ போ" என்றாள் மகளிடம், பின்னலை முடிந்துவிட்டு. "நேரா பள்ளிக்கூடம். யார் கூப்பிட்டாலும் நிக்காதே."

"அப்பா?"

"அப்பாவை நான் பாத்துக்கறேன். நீ உன் கண்ணாடிக் குழாயைப் பாரு."

"அது பேரு சோதனைக் குழாய்ம்மா."

"ஏதோ ஒரு குழாய். கீழ போட்டு உடைச்சுட்டு வந்தே, தொலைச்சுடுவேன்."

மகள் ஒரு பக்கம் போனாள், தாய் மறுபக்கம் போனாள். அக்கா மட்டும் எரிகிற அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கிணற்றடிக்கு முக்கால் மணி நேர நடை. வெட்டின துணி தைக்காமல் கிடக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன சொல்வது என்று தையல்காரி வழியெல்லாம் யோசித்தாள். நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நாலும் சரியாக வரவில்லை. உண்மையைச் சொல்வதற்கு ஒத்திகை எதற்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பால்காரர் அங்கேயிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சைக்கிளை வேகமாக மிதித்தார். அந்த மிதியிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" மேஸ்திரி கப்பிக் கயிற்றை விட்டுவிட்டு எதிரே வந்தார். "ஆளை உள்ள விட்டுட்டு நிக்கிறோம். நீ பொண்ண அனுப்பிவச்சிருக்கே! டேய், அவனை மேல தூக்குங்கடா. வேலை நின்னா நிக்கட்டும்."

"நிறுத்தினா மண் சரியும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"சரியட்டும்! உசுரு முக்கியமா, உறை முக்கியமா?"

"உசுருக்கு ஒண்ணும் ஆகாது. நான் அவர்கிட்ட பேசணும்."

கீழேயிருந்து சத்தம் வந்தது. "என்ன மேஸ்திரி? யாரு அங்க?"

தையல்காரி விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். கீழே தலைப்பாகை மட்டும் தெரிந்தது. பிறகு அது அண்ணாந்து முகமாக மாறியது.

"நான்தாங்க. முதல்ல கையில இருக்கறத கீழ வைங்க. வச்சுட்டீங்களா?"

"வச்சுட்டேன். என்ன ஆச்சு? அக்காவுக்கு ஏதாவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நம்ம பொண்ணு பரீட்சைக்குப் போயிருக்கா. நான்தான் அனுப்பினேன்."

 தண்ணீர் கசிகிற சத்தம் மட்டும் மேலே வந்தது.

"இதுக்கு முன்னாடி மூணு தடவ அடுப்பு அணைஞ்சிருக்கு. நீங்க உள்ள இருக்கறப்பதான். உங்ககிட்ட மறைச்சோம். அது எங்க தப்பு. ஆனா மூணு தடவையும் நீங்க ஏறி வந்தீங்க."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். கயிறு பிடிக்கும் ஆட்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எப்ப எப்ப?" என்று கீழேயிருந்து கேட்டது. குரல் மாறியிருந்தது.

"தோப்புக்காரர் கிணத்துல ஒரு தடவ. மழைக்கு முந்தின வாரம் ஒரு தடவ. அந்தப் பாறை வந்துச்சே, நீங்ககூட அன்னிக்கு நகம் பேத்துக்கிட்டு வந்தீங்க, அன்னிக்கு ஒரு தடவ."

"நகம் பேந்துச்சா இல்லையா? பாத்தியா!" என்றார் மேஸ்திரி.

"நகத்துக்கெல்லாம் ஒரு பொண்ணோட படிப்ப வாங்கிக்குமா மேஸ்திரி உங்க தீ?"

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தையல்காரி மறுபடி குனிந்தாள்.  அழக் கூடாது, அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "மேல வரணும்னா வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அவளை மட்டும் திரும்பக் கூப்பிடச் சொல்லாதீங்க."

 கீழே சேற்றில் கால் மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது.

"மணி என்ன?" என்று கேட்டார் அவர்.

"ஒன்பதரை ஆகப் போகுது."

"அப்ப இந்நேரம் போய்ச் சேந்திருப்பா."

"சேந்திருப்பா."

"சரி. இன்னும் நாலு அங்குலம் எறங்கணும். கூடையை விடச் சொல்லு."

கயிற்றுக்காரர்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டினார். கூடை இறங்கியது.

அந்த நாலு அங்குலத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை உறை 'கடக்'கென்று ஒரு பக்கம் உட்கார்ந்தது. எல்லோரும் கிணற்றைப் பார்க்காமல் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் இருந்தாள். "சரியாத்தான் இருக்கு, மறுபக்கம் எடுக்கறேன்" என்று கீழேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது. வாழ்க்கையில் இதைவிட நல்ல வார்த்தையை அவள் கேட்டதில்லை.

மேலே ஏறி வந்தவர் சேறும் சகதியுமாக மண்மேட்டில் உட்கார்ந்தார். தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வாங்குகிற கை வெடவெடவென்று ஆடியது, தண்ணீர் பாதி மண்ணில் கொட்டியது.

"உள்ள நடுங்கல" என்றார் அவளிடம் மெதுவாக. "இப்பத்தான்."

"நடுங்கட்டும். இப்ப நடுங்கினா என்ன?"

மேஸ்திரி வந்து நின்றார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக ஆட்களைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, ஒவ்வொரு நாளும் திரும்ப எண்ணி எடுக்கிறவர். பயந்த மனுஷர்.

"இன்னிக்குத் தப்பிச்சே. சந்தோஷம். ஆனா நாளைக்கு மத்தவனும் எறங்கணும் இல்ல? தீ இல்லாத வீட்டு ஆளோட சேந்து கயிறு பிடிக்க எவனும் வர மாட்டான். ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல எல்லாரும் கூடறோம். பொண்ணு இனிமே வீட்டோட இருப்பான்னு வந்து சொல்லிட்டுப் போ. இல்லேன்னா நாளையிலேர்ந்து உனக்கு இந்தக் கூட்டத்துல வேலை இல்ல."

வாயாடி நாலு மணிக்கு வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊதா நிறம்.

"சிவப்பு லிட்மஸ் நீலமாச்சும்மா! வெளியூர்லேர்ந்து வந்தவரு கேட்டாரு, ஏன்னு. நான் சொன்னேன். போதும்மா உக்காருன்னாரு. எனக்கு இன்னும் சொல்றதுக்கு இருந்துச்சு, விடல..." பேச்சு நின்றது. அப்பா மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். புத்தகப்பையோடு ஓடிப்போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"குழாய் உடைஞ்சுதா?" என்று கேட்டார் அவர்.

"இல்லப்பா."

"அப்ப சரி."

அடுத்த வருஷம் படிப்பு உண்டா, கணவருக்கு வேலை உண்டா, இரண்டில் ஒன்றுதான் மிஞ்சுமா என்று தையல்காரி மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சொன்னதைக் கிணறுவெட்டி எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "என்ன சொல்லப் போறீங்க?" என்று அவள் கேட்டதற்கு, "பொண்ண நிறுத்த மாட்டேன். வேற கூட்டம் கெடைக்குமான்னு தெரியல. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார்.

"நானும் வரேன்" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். காலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிரே அடுப்பு வெறும் சாம்பலாக இருந்தது.

"ஒம்பதுக்கெல்லாம் அணைஞ்சுடுச்சு" என்றாள். "பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். நீ வருவியான்னு பாத்தேன். வந்துட்டே."

"அக்கா..."

"அன்னிக்கு அப்பா வரல. ஆனா தம்பி, அன்னிக்கு அடுப்பு அணையல."

கிணறுவெட்டி மகளை விட்டுவிட்டு எழுந்து நின்றார். "என்ன சொல்றே? பழியைத் தூக்கிக்கிட்டு இத்தன வருஷம் ஏன்க்கா இருந்தே?"

"அதை அங்க வந்து சொல்றேன். கேக்க வேண்டியவங்க அங்கதான் இருக்காங்க." சேலைத் தலைப்பை உதறிக்கொண்டாள். வாயாடியைப் பார்த்து, "நீயும் வாடி. படிச்சவ ஒருத்தி பக்கத்துல இருக்கட்டும்" என்றாள்.

மேஸ்திரி வீட்டு வாசலில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் சுவரோரமாக. அடுப்புக் காத்த பெண்பிள்ளைகள் அம்மாக்களுக்குப் பின்னால் நின்று வாயாடியின் ஊதா விரல்களை எட்டிப் பார்த்தார்கள்.

"தீ அணைஞ்ச கையை எதுக்குப்பா கூட்டிட்டு வந்தே?" என்றார் மேஸ்திரி.

தம்பி பதில் சொல்வதற்குள் அக்கா அவரைக் கையால் விலக்கிவிட்டு முன்னே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க அப்பா செத்த சேதியை எங்க வீட்டுக்கு வந்து சொன்னது யாரு மேஸ்திரி?"

"எங்கப்பா. அப்ப அவருதான் மேஸ்திரி. அதுக்கென்ன?"

"அவரு உள்ள வர்றப்ப அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. நல்லா, கொழுந்து விட்டு எரிஞ்சுது. ஒரு நிமிஷம் அதைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் குடத்தை எடுத்து தண்ணியை அவரே ஊத்தினாரு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"'தீ எரிஞ்சும் ஆள் போயிட்டான்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் எறங்க மாட்டான். நாப்பது குடும்பம் பட்டினி கெடக்கும். நீ சின்னப் பொண்ணு, இந்தப் பழியைத் தாங்கிக்கோம்மா'ன்னு என் தலையில கை வச்சுச் சொன்னாரு. தாங்கிக்கிட்டேன். அப்பாவைப் பறிகொடுத்த அன்னிக்கே நான்தான் அவரைக் கொன்னேன்னு ஊர் சொன்னதையும் கேட்டுக்கிட்டேன். உங்களையெல்லாம் கிணத்துல எறக்கினது தீ இல்ல. என் வாய். நான் மூடிவச்சிருந்த வாய்."

"பொய்" என்றார் மேஸ்திரி. உதடு மட்டும்தான் அசைந்தது.

"பொய்யா இருந்தா உங்கப்பா சொல்லட்டும். உள்ளதான படுத்திருக்காரு. கேளுங்க."

 படுத்த படுக்கையாகி இரண்டு வருஷமாக யாரிடமும் பேசாத கிழவர் அவர். சோறு ஊட்டும் மருமகளிடம்கூட ஒரு வார்த்தை கிடையாது.

கதவுக்கு உள்ளே கட்டில் முனகியது. பிறகு, அந்த வீட்டுக்காரர்களே மறந்துபோயிருந்த ஒரு குரல் கேட்டது.

"டேய்... என்னைத் தூக்கி வாசல்ல கொண்டுவந்து வைங்கடா."